சிதம்பரத்தில் படிக்க வருகிறவர்கள் கேட்பவை: ஒரு ஜெராக்ஸ் கடையிலிருந்து

அண்ணாமலை நகரில் இருபது வருஷமாக ஜெராக்ஸ், பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இங்கேயே படித்தேன். படிப்பு முடிந்தும் சொந்த ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். அட்மிஷன் சமயத்தில் மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் நகலெடுக்க வந்து நிற்கும் அப்பா அம்மாக்கள், மெஷின் ஓடி முடிவதற்குள் ஊரைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், நானும் பாதி பதிலில் நிறுத்திவிடுவேன். அந்தப் பதில்களின் மீதிப் பாதிதான் இது.

சிதம்பரமும் அண்ணாமலை நகரும் ஒன்றா, வேறா?

வேறு. நடுவில் ரயில் பாதை போகிறது. பாதைக்கு மேற்கே நடராஜர் கோயில், அதைச் சுற்றி நான்கு தேர் வீதிகள், கடைத்தெரு எல்லாம். கிழக்கே பல்கலைக்கழகம், விடுதிகள், மருத்துவமனை, எங்களைப் போன்ற கடைகள். சிதம்பரம் நகராட்சி, அண்ணாமலை நகர் பேரூராட்சி. மேம்பாலம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவதற்கு எங்கள் பாஷையில் 'டவுனுக்குப் போறது' என்று பெயர். நடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் நான்கு வருஷம் படித்துவிட்டுத் தேர் வீதிகளை ஒரு முறைகூட முழுசாகச் சுற்றாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் "கோயிலுக்குப் போனேனே அண்ணா" என்பார்கள். அது ஆட்டோவில் போய் ஆட்டோவில் திரும்பிய கணக்கு.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அப்புறம் தமிழ்க் கல்லூரி, இசைக் கல்லூரி என்று சேர்ந்து, 1929-ல் எல்லாமாக அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நகரின் பெயர் அவரால் வந்தது. அதற்கு முன்பும் இந்தப் பக்கம் வெறும் பொட்டலாக இருக்கவில்லை. திருவேட்களம் இங்கேதான் இருக்கிறது, தேவாரப் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் தில்லைக்கு வந்தபோது அந்தப் புனித எல்லைக்குள் தங்கி உறங்க மனம் வராமல் வேட்களத்தில் தங்கிக்கொண்டு தில்லைக்குப் போய் வந்தார் என்கிறது பெரியபுராணம். இந்த ஊரின் முதல் ஹாஸ்டலர் அவர்தான் என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். அவர் நடந்துதான் போயிருக்கிறார் என்பதை நான் சேர்த்துச் சொல்வேன்.

இது அரசுப் பல்கலைக்கழகமா, தனியாரா?

இப்போது அரசு. நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. மருத்துவக் கல்லூரியும் பின்னர் சுகாதாரத் துறைக்குப் போய், கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் 'ராஜா முத்தையா' என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

"எங்க மாமாவும் அண்ணாமலைதான் படிச்சார், ஆனா ஊரே பார்த்ததில்லையாம்" என்று சிலர் சொல்வதுண்டு. அது 1979-ல் தொடங்கிய தபால் வழிப் படிப்பு. தமிழ்நாட்டில் எந்தக் கல்யாண வீட்டிலும் நான்கு பேராவது அப்படி அகப்படுவார்கள்.

விடுதியா, வெளியில் ரூமா?

முதல் வருஷம் விடுதி, யோசிக்கவே வேண்டாம். அரியர் பேப்பருக்கு நோட்ஸ் யாரிடம் இருக்கிறது, எந்த வாத்தியார் அட்டெண்டன்ஸில் கறார் என்பதெல்லாம் வராந்தாவில் நின்றால்தான் காதில் விழும். இரண்டாம் வருஷத்திலிருந்து நான்கைந்து பேர் சேர்ந்து மாரியப்பா நகர் பக்கமோ டவுனுக்குள்ளோ வீடு பிடிப்பார்கள்.

வீடு பிடிக்கும்போது ஒன்று கவனியுங்கள். "அசைவம் சமைப்பீங்களா?" என்று வீட்டுக்காரர் முதலில் கேட்பார். சில இடங்களில் அந்தக் கேள்வி சமையலைப் பற்றியது. சில இடங்களில் உங்கள் சாதியைச் சுற்றி வளைத்துக் கேட்பது. இரண்டாவது வகை என்று தெரிந்தால் வேறு வீடு பாருங்கள், வீடு நிறைய இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு வெள்ளைத்தாளிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் படித்த காலத்தில் வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது "சுவர்ல ஆணி அடிச்சிருக்கீங்க" என்று பாதியை இழந்தேன். ஆணி எனக்கு முன்னால் இருந்தவன் அடித்தது.

பெண் பிள்ளையைத் தனியாக விடலாமா?

இந்தக் கேள்வியை அப்பாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள், மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். விடலாம். மாணவிகள் விடுதிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மாலையில் டவுனிலிருந்து ஷேர் ஆட்டோக்கள் பிள்ளைகளால் நிரம்பித்தான் வரும். கோயில் இருப்பதால் தேர் வீதிகளில் இரவு பத்து மணி வரைக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும். எங்கே இருட்டு, எங்கே வெளிச்சம் என்பது ஒரு மாதத்தில் அவளுக்கே தெரிந்துவிடும், உங்களைவிட நன்றாக.

மெஸ் சாப்பாடு எப்படி?

இந்த நகரில் எந்தக் காலத்திலும் யாரும் மெஸ் சாப்பாட்டைப் புகழ்ந்ததில்லை. படித்து முடித்துப் பதினைந்து வருஷம் கழித்துக் காரில் பிள்ளை குட்டியோடு வந்து இறங்கி, அதே சாம்பார் வாசனையைத் தேடி மெஸ் பக்கம் போவதையும் பார்க்கிறேன். மாதக் கடைசியில் மெஸ் பில் ஒட்டும் நாளில் எல்லாருக்கும் கணக்கு நன்றாக வரும்.

சரி, வெளியில் என்ன சாப்பிடலாம்? சிதம்பரத்துக்கென்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது: கொத்சு. வரிசை நின்றாலும் இந்தப் பதிலை மட்டும் நான் சுருக்குவதில்லை.

கத்திரிக்காயைக் குழைய வேகவைத்து மசித்து, புளிக்கரைசலும் வறுத்து அரைத்த மசாலாவும் சேர்த்துக் கொதிக்கவைப்பது. மற்ற ஊர்களில் பாசிப்பருப்புப் போட்டு, இட்லிக்கு ஊற்றிக்கொள்ள நீர்க்கக் கரைத்து ஒன்றை வைத்து அதையும் கொத்சு என்பார்கள். அது நல்ல பதார்த்தம்தான், ஆனால் இதோடு அதற்குப் பெயர்ப் பொருத்தம் தவிர வேறு உறவு கிடையாது. சிதம்பரம் கொத்சில் பருப்பை வேகவைத்துச் சேர்ப்பதில்லை. கரண்டியில் எடுத்தால் சொட்டக் கூடாது, மேலே நல்லெண்ணெய் மிதக்க வேண்டும்.

கோயிலில் நடராஜருக்குச் சம்பா சாதமும் கொத்சும் படைப்பார்கள். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்து நெய்யோடு சாதத்தில் பிசறினால் சம்பா சாதம். அதில் புளிப்பு கிடையாது, கொத்சில் புளிப்பு தூக்கலாக இருக்கும். இரண்டையும் சேர்த்து வாயில் போட்டால்தான் ஏன் ஜோடி என்று புரியும். கோயில் கொத்சில் வெங்காயம் இருக்காது. ஓட்டல் கொத்சில் சின்ன வெங்காயம் போடுவார்கள், இட்லிக்குத் தருவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நேரமும் கிடைக்காது. உட்காருவதற்கு முன்னால் "கொத்சு இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். உட்கார்ந்த பிறகு கேட்டால் "சாம்பார் சூடா இருக்கு" என்பார்கள்.

வீட்டில் செய்ய வருமா?

வரும். கடைக்கு வந்த ஓர் அம்மாவுக்குப் பழைய கொஸ்டின் பேப்பரின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது இது. தனியா இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்பு ஒரு ஸ்பூன், மிளகாய் வற்றல் ஐந்தாறு, வெந்தயம் நான்கைந்து மணி. வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து, சற்றுக் கொரகொரவென்று பொடித்துக்கொள்ளுங்கள். கால் கிலோ பிஞ்சுக் கத்திரிக்காயை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி, மூடிபோட்டு நன்றாக வேகவிட்டு மசியுங்கள். மிக்ஸியில் அடிக்க வேண்டாம், பசையாகிவிடும். மத்து போதும். எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, உப்பு, மஞ்சள்தூள் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதித்ததும் பொடியைத் தூவிக் கிளறுங்கள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, எண்ணெய் பிரியும்போது இறக்குங்கள். வெல்லம் துளி போடுகிறவர்கள் உண்டு. நான் போடமாட்டேன், என் மனைவி போடுவாள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

அசைவம்?

கடல் பக்கத்தில், கழிமுகம் அதைவிடப் பக்கத்தில். பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறாலும் நண்டும் கொடுவாயும் மடவையும் காலையில் டவுன் மீன் மார்க்கெட்டுக்கு வந்துவிடும். ரூமில் சமைக்கிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எழுந்து போகிற ஒரே இடம் அதுதான். கிள்ளைப் பக்கம் இருளர்கள் வலையில்லாமல் இறால் பிடிப்பதைப் பார்க்க வாய்த்தால் பாருங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் அமர்ந்து, ஓலையால் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கைகளால் துழாவி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பறிக்குள் போடுவார்கள். அதற்குப் பிறகு ஓட்டலில் இறால் விலையைப் பார்த்து முகம் சுளிக்கத் தோன்றாது.

இரவில் வழக்கம்போல பரோட்டா, சால்னா. பிரியாணி சுமாரிலிருந்து மிக நன்று வரை எல்லா வகையும் இருக்கிறது. கடை பெயர் சொல்லமாட்டேன், எல்லாரும் என்னிடம் ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள்.

மாதக் கடைசியில் கையில் காசு இல்லாவிட்டால்?

தேநீர்க் கடைகளில் கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளலாம், ஆனால் செமஸ்டர் முடிவதற்குள் தீர்த்துவிடுங்கள். ஹால் டிக்கெட்டோடு ஓடியவர்களின் பெயர்கள் அந்த நோட்டுகளில் வருஷக்கணக்காக இருக்கின்றன.

நாங்கள் படித்தபோது இன்னொரு வழியும் வைத்திருந்தோம். காலையில் பஸ் ஏறி வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு அணையவே இல்லை என்பார்கள். யார், என்ன என்று கேட்காமல் சோறு போடுவார்கள். முதல் தடவை கூச்சத்தோடு போனோம். பரிமாறியவர் "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி" என்றதும் கூச்சம் போய்விட்டது. தைப்பூசத்தில் ஜோதி தரிசனத்துக்கு ஊரே அங்கே இருக்கும். அன்று சாப்பாட்டுக்கென்று போகாதீர்கள், நிற்க இடம் கிடைக்காது.

ஊருக்குள் எப்படிச் சுற்றுவது? சென்னைக்கு எப்படிப் போவது?

ஊருக்குள் சைக்கிள், அல்லது ஷேர் ஆட்டோ. சென்னைக்குப் பகலில் சோழன் எக்ஸ்பிரஸ், இரவில் உழவன் எக்ஸ்பிரஸ். தீபாவளி, பொங்கலுக்கு டிக்கெட் முன்பதிவு திறக்கிற நாளிலேயே போடுங்கள். பாண்டிச்சேரிக்கும் கடலூருக்கும் பஸ் ஓயாமல் இருக்கிறது. இந்த ரயில் பாதை அகலப் பாதையாக மாறி 2010-ல்தான் திறந்தது. அதற்கு முன் வேலை நடந்த வருஷங்களில் ரயிலே இல்லாமல் படித்து முடித்த பேட்ச்கள் உண்டு. அவர்கள் முன்னால் பஸ் கூட்டத்தைப் பற்றிப் புலம்பாதீர்கள்.

கோயிலுக்கு எப்போது போகலாம்? அந்த 'ரகசியம்' என்ன?

காலை ஆறு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை, மாலை ஐந்து மணிவாக்கிலிருந்து இரவு பத்து வரை. பகலில் நடை சாத்தும் என்பது தெரியாமல் இரண்டு மணிக்கு உறவினரைக் கூட்டிக்கொண்டு போய் அசடு வழிகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர் உண்டு. நடராஜர் சந்நிதிக்கு முன்னாலுள்ள மேடையான கனகசபைக்கு ஏறும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.

ரகசியம் என்பது சித்சபையில் நடராஜருக்குப் பக்கத்தில் திரை போட்ட இடம். திரையை விலக்கினால் தங்க வில்வ மாலைகள் தொங்கும், உருவம் ஏதும் இருக்காது. ஆகாயத் தலம் என்பதால் வெட்டவெளிதான் அங்கே மூர்த்தி. முதல் முறை பார்க்கிற பிள்ளைகள் "அவ்வளவுதானா?" என்பார்கள். பௌதிகம் படிக்கிற ஒரு பெண் மட்டும் "இதைத்தான் நாங்க ஒரு செமஸ்டர் முழுக்கப் படிக்கிறோம்" என்றாள்.

என்னைக் கேட்டால், மாலை ஆறு மணிப் பூஜைக்குப் போங்கள். பெரிய மணிகள் இரண்டும் சேர்ந்து அடிக்கும்போது தரையே அதிரும். இல்லையென்றால் இரவுக் கடைசிப் பூஜைக்குப் போய், கூட்டம் கலைந்த பிறகு சிவகங்கைக் குளத்தருகே கொஞ்ச நேரம் உட்காருங்கள். கோபுர வாசல்களைக் கடக்கும்போது நின்று பக்கச் சுவர்களைப் பாருங்கள், நாட்டியத்தின் 108 கரணங்களும் அங்கே செதுக்கியிருக்கின்றன. அதே கோயிலுக்குள் கோவிந்தராஜப் பெருமாள் சந்நிதியும் இருக்கிறது, 108 திவ்விய தேசங்களில் ஒன்று. ஓரிடத்தில் நின்று இரண்டு பேரையும் பார்க்கலாம். ஊரின் வட எல்லையில் தில்லைக் காளி. நடராஜரோடு ஆடிய ஆட்டத்தில் தோற்று எல்லைக்குப் போனவள் என்று கதை. என் கடைக்கு வரும் மாணவிகளில் பாதிப் பேர் காளி கட்சி.

திருவிழா நாட்களில் ஊர் எப்படி இருக்கும்?

ஆனித் திருமஞ்சனம் ஒன்று, மார்கழித் திருவாதிரை ஒன்று. இரண்டும் பத்து நாள் விழா. ஒன்பதாம் நாள் தேர், பத்தாம் நாள் தரிசனம். மற்றக் கோயில்களில் மூலவர் உள்ளேயே இருக்க, உற்சவர்தான் வெளியே வருவார். இங்கே கருவறையில் ஆடுகிற நடராஜரே தேரேறி வீதிக்கு வந்துவிடுவார். ஐந்து தேர்கள். கீழ வீதியில் புறப்பட்டு தெற்கு, மேல, வடக்கு வீதிகள் சுற்றி நிலைக்குத் திரும்ப அந்தி சாய்ந்துவிடும். வழியில் தேரை நிறுத்தி மீனவ சமூகத்தார் பட்டும் சீரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். பார்வதி அவர்கள் வீட்டுப் பெண் என்ற உரிமை. தாய்வீட்டுச் சீர் வந்தால்தானே பெண் வாசல் தாண்டுவாள்.

வடம் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். பிடிக்கலாம். செருப்பைத் தொலைக்கத் தயாராகப் போங்கள், கைபேசியை ரூமில் வைத்துவிடுங்கள். நான் முதலாம் ஆண்டில் மார்கழித் தேர் இழுத்தேன். மறுநாள் இன்டர்னல் தேர்வு. உள்ளங்கை கொப்புளித்துப் பேனா பிடிக்க முடியவில்லை, தேர்வு போயிற்று. திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும் கொடுத்து வீட்டுக்கார அம்மா ஆறுதல் சொன்னார். களி இனிப்பு, கூட்டு காரம், இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுவதா என்று அன்று முறைத்தேன். இப்போது அந்தக் களிக்காக மார்கழியை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாசியில் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி, 1981-ல் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ நடனக் கலைஞர்கள் வருவார்கள், சலங்கையோடு தேநீர்க் கடையில் நிற்பார்கள். டிக்கெட் கிடையாது.

பாட்டு, இலக்கியம் என்று பிள்ளைக்கு ஆர்வம். அதற்கு ஊர் எப்படி?

தமிழுக்கும் இசைக்கும் இந்தப் பக்கத்தில் பெரிய வரலாறே உண்டு. உ.வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை இங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த சுவாமி விபுலானந்தர் 1931-ல் இங்கே தமிழ்ப் பேராசிரியரானார். யாழ் நூல் எழுதியவர் அவர்தான். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடமில்லையே என்று கிளம்பிய தமிழிசை இயக்கத்துக்கு அண்ணாமலை செட்டியார்தான் முதல் பலம், 1941-ல் மாநாடு கூடியதும் இங்கேதான். 1942-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்துப் பாடிய தண்டபாணி தேசிகர் பிற்காலத்தில் இங்கே இசை சொல்லிக்கொடுத்தார். நந்தனார் உள்ளே போகமுடியாமல் நின்ற ஊருக்கே அவர் வேஷம் போட்டவர் வாத்தியாராக வந்தார்.

நந்தனார் பெயரைச் சொன்னால் சுவாமி சகஜானந்தாவையும் சொல்ல வேண்டும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஓமக்குளத்தில் நந்தனார் பள்ளியை நடத்தியவர். கோயிலைப் பார்க்கிறவர்கள் அதையும் ஒரு நடை பார்க்கலாம். யாரும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

சர் சி.பி. ராமசாமி ஐயர் பெயரிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் முதல் வருஷமே கார்டு எடுத்துவிடுங்கள். தீசிஸ் எழுதும்போது மட்டும் அங்கே வழி கேட்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அரசியல், போராட்டம் எல்லாம் உண்டா?

உண்டு, இல்லாமல் எப்படி? நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்த இடம். 1965 ஜனவரி 27-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருக்குச் சிலை இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லாரும் போகிறார்கள், யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். "போராட்டத்துக்குப் போகாதே" என்று சொல்லி அனுப்புவதும் உங்கள் இஷ்டம், அதை யாரும் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

மால் இருக்கிறதா?

இல்லை. சினிமா கொட்டகை உண்டு. பெரிய துணிக்கடை வேண்டுமென்றால் பாண்டிச்சேரி.

அப்புறம் சனி, ஞாயிறு என்னதான் செய்வது?

பிச்சாவரம் போங்கள். பதினைந்து கிலோமீட்டர்வாக்கில் இருக்கிறது, சைக்கிளிலேயே போகிற கோஷ்டிகள் உண்டு. காலையில் முதல் படகுக்குப் போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் வெயில் தலையைப் பிளக்கும். துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு சீக்கிரம் போகும், ஆனால் சுரபுன்னைக் கிளைகள் கூரைபோல் கவிந்த குறுகிய ஓடைக்குள் நுழைய முடியாது. அந்த ஓடைக்குள் போகாவிட்டால் பிச்சாவரம் பார்த்த கணக்கில்லை. 2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அலையின் வேகம் குறைந்துதான் வந்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள்.

படகுக்காரரிடம் தில்லை மரம் எது என்று கேளுங்கள். தில்லை என்ற பெயர் அந்த மரத்தால் வந்தது. ஒரு காலத்தில் கோயில் இருக்கும் இடம்வரை அந்தக் காடு இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது சிதம்பரத்து ஆளே அதைப் பார்க்க பிச்சாவரம் வர வேண்டியிருக்கிறது. இலையைக் கிள்ளாதீர்கள், பால் கண்ணில் பட்டால் வேதனைதான்.

இன்னொரு ஞாயிறு பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடம், பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் அங்கேதான். 1781-ல் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு மோதித் தோற்ற ஊர். தெற்கே கொள்ளிடம் பாலம் தாண்டினால் சீர்காழி, வைத்தீசுவரன் கோயில். வைகாசி, ஆனி மாதங்களில் பண்ருட்டிப் பக்கம் போனால் பலாப்பழ வாசனையே வழிகாட்டும். முழுப் பழம் வாங்கி விடுதிக்குக் கொண்டுவராதீர்கள். வார்டன் கண்டுபிடிக்க மோப்ப நாய் தேவையில்லை.

வெயில், மழை?

சித்திரை, வைகாசியில் வேர்வை. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் பிழைத்தோம். கொசு எல்லாப் பருவத்திலும் உண்டு, கொசுவலை கொண்டுவாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் இந்த ஊர் தன் முகத்தைக் காட்டும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், மேற்கே வீராணம் ஏரி, நடுவில் தட்டையாக நாம். 2020 டிசம்பரில் புரெவி புயல் மழையில் கோயில் பிராகாரத்துக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடையில் அப்போது பைண்டிங்குக்கு வந்த ஒன்பது தீசிஸ்கள் இருந்தன. கூரைத் தகடு பறந்ததும் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு பக்கத்து மாடிவீட்டுக்கு ஓடினேன். நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ராக்சின் அட்டையில் தங்க எழுத்து அச்சடிக்கும் மெஷின் சும்மா கிடந்தது. அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் இன்றும் புத்தாண்டுக்குப் போன் செய்கிறார்கள். ஒன்பதாவது ஆள் பைண்டிங் காசே தரவில்லை.

தீசிஸ் பைண்டிங்குக்கு எத்தனை நாள் முன்னால் தர வேண்டும்?

நான்கு நாள். எல்லாரும் முந்தின நாள் இரவு வருகிறார்கள். முகப்புப் பக்கத்தில் கைடு பெயரின் முதலெழுத்தை மூன்று தடவை சரிபாருங்கள். தங்க எழுத்தில் அச்சடித்துவிட்டால் அழிக்க முடியாது.

உங்கள் கடை எப்போது திறந்திருக்கும்?

காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை. தீசிஸ் சீசனில் பன்னிரண்டானாலும் ஷட்டர் பாதி ஏற்றியிருக்கும், குனிந்து உள்ளே வாருங்கள். ஆனியிலும் மார்கழியிலும் தேரன்று கடை கிடையாது. அவசரமென்றால் வடத்தில் இடது பக்கம் பாருங்கள்.